பெயர் இரண்டு, நடுவே 25 ராத்தல்!

லைட் ஹெவிவெயிட் என்றால் என்ன? குரூசர்வெயிட் என்றால் என்ன?

குத்துச்சண்டைச் செய்திகளை விரும்பிப் படிக்கிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் எப்போதாவது வந்திருக்கும். பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டினால், இரண்டும் ஒன்றுதான் என்று போட்டிருக்கும். இன்றைய சாம்பியன்களின் பட்டியலைப் பார்த்தால், இரண்டுக்கும் தனித்தனிப் பட்டம், தனித்தனி வீரர்! எது சரி?

இரண்டும் சரிதான். ஒரே எடைக்கு இரண்டு பெயர் இருந்த காலம் ஒன்று. இரண்டு பெயருக்கும் இரண்டு எடை வந்துவிட்ட காலம் இன்னொன்று. இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவில், பல வீரர்களுடைய மண்டை உடைந்திருக்கிறது. ஆகவே இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. மனிதன் உயிரோடும் நினைவோடும் வீடு திரும்புவதைப் பற்றிய சங்கதி.

முதலில் கணக்கைச் சொல்லிவிடலாம். தொழில்முறைக் குத்துச்சண்டையில் லைட் ஹெவிவெயிட் வீரரின் எடை 175 ராத்தலுக்கு மேல் போகக் கூடாது. கிலோவில் சொன்னால் சுமார் 79.4. குரூசர்வெயிட் வீரரின் உச்ச எடை 200 ராத்தல். அதாவது சுமார் 90.7 கிலோ. அதற்கு மேலே ஹெவிவெயிட். அங்கே உச்சவரம்பே கிடையாது. 201 ராத்தல்காரரும் அங்கேதான்; 280 ராத்தல்காரரும் அங்கேதான்!

கப்பலிலிருந்து வந்த பெயர்

இந்த லைட் ஹெவிவெயிட் பிறந்த கதை வேடிக்கையானது. 1903-ம் ஆண்டில் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் லூ ஹவுஸ்மன் என்று ஒருவர் இருந்தார். பத்திரிகைக்காரர், சண்டைகளுக்கு ஏற்பாடு செய்கிறவர், ஜாக் ரூட் என்ற வீரருக்கு மானேஜரும் அவரே. ரூட்டின் உடம்பு மிடில்வெயிட்டுக்குப் பெருத்துவிட்டது, ஹெவிவெயிட்டுக்குப் போதவில்லை. ஹவுஸ்மன் யோசித்தார். நடுவில் புதிதாக ஒரு வகையையே உண்டாக்கிவிட்டார்! அந்த ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி டெட்ராய்ட் நகரில் கிட் மெக்காயை ரூட் ஜெயித்து முதல் சாம்பியன் ஆனார்.

தன் ஆளுக்குப் பட்டம் வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனாலும் அதில் நியாயம் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்தப் பட்டத்தை வாங்கியவர் யார் தெரியுமா? பாப் பிட்ஸ்சிம்மன்ஸ். அப்போது அவருக்கு 40 வயது. 1897-ல் வெறும் 167 ராத்தல் எடையோடு உலக ஹெவிவெயிட் பட்டத்தைப் பறித்த மகா வீரர் அவர். 1899-ல் 206 ராத்தல் எடையுள்ள ஜிம் ஜெப்ரீஸ் அவரை 11-வது ரவுண்டில் சாய்த்துப் பட்டத்தைக் கொண்டுபோய்விட்டார். தன் உடம்புக்கு ஏற்ற ஒரு வகை அப்போதே இருந்திருந்தால், பிட்ஸ்சிம்மன்ஸ் 39 ராத்தல் கூடுதலான ஆளிடம் போய் அடி வாங்கியிருக்க வேண்டியதில்லை.

1909-ல் லண்டனில் உள்ள நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எடை வகைகளை எட்டாக வரையறுத்தது. மிடில்வெயிட்டுக்கும் ஹெவிவெயிட்டுக்கும் நடுவே 12 ஸ்டோன் 7 ராத்தல், அதாவது அதே 175 ராத்தல் வகை நிலைத்தது. அமெரிக்கர்கள் அதை லைட் ஹெவிவெயிட் என்றார்கள். இங்கிலாந்துக்காரர்களோ பல பத்தாண்டுகள் அதையே குரூசர்வெயிட் என்று அழைத்தார்கள்.

குரூசர் என்பது போர்க் கப்பலில் ஒரு ரகம். பெரிய பீரங்கிக் கப்பலைவிடச் சிறியது. ஆனால் வேகமாகப் போகக்கூடியது. கடலாண்ட தேசத்தார் தங்கள் குத்துச்சண்டை வீரனுக்கும் கப்பல் பெயரையே வைத்ததில் வியப்பில்லை. 1948-ல் உலகப் பட்டம் வென்ற பிரெடி மில்ஸ் அமெரிக்காவில் லைட் ஹெவிவெயிட் சாம்பியன். சொந்த ஊரில் குரூசர்வெயிட் சாம்பியன். ஆள் ஒருவர், எடை ஒன்று, பெயர் மட்டும் இரண்டு.

வேலி இல்லாத எழுபது ஆண்டு

1909-லிருந்து 1979 வரை 175 ராத்தலுக்கு மேலே வேலியே கிடையாது. 176 ராத்தல் எடையுள்ளவன் 250 ராத்தல்காரனோடு மோதலாம். சட்டம் தடுக்காது. பணமும் புகழும் மேலே இருந்தன. ஆகவே கீழே இருந்தவர்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

பிரான்சு தேசத்துப் பேரழகர் ஜார்ஜ் கார்ப்பெந்தியே லைட் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர். 1921-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்சியை எதிர்த்தார். குத்துச்சண்டை வரலாற்றிலேயே முதல் முறையாக டிக்கெட் வசூல் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. நாலாவது ரவுண்டில் கார்ப்பெந்தியே தரையில் கிடந்தார்.

பில்லி கான் 1941-ல் தம் லைட் ஹெவிவெயிட் பட்டத்தைத் துறந்துவிட்டு ஜோ லூயியை எதிர்த்தார். அறிவித்த எடை: கானுக்கு 174 ராத்தல், லூயிக்கு 199½ ராத்தல். 12 ரவுண்டு வரையில் கானின் கையே ஓங்கி இருந்தது. 13-வது ரவுண்டில், இரண்டே விநாடி பாக்கி இருக்கும்போது, லூயியின் குத்துகள் அவரைச் சாய்த்துவிட்டன. வித்தை 12 ரவுண்டு ஜெயித்தது. எடை ஒரு ரவுண்டு ஜெயித்தது. அந்த ஒரு ரவுண்டே போதுமானதாகிவிட்டது.

நாம் முன்னே சொன்ன பிரெடி மில்ஸ் அடிக்கடி தம்மைவிடப் பெரிய ஆட்களோடு மோதியவர். 1946-ல் ஜோ பாக்சி என்ற அமெரிக்க ஹெவிவெயிட்டிடம் தோற்றார். 1949-ல் புரூஸ் உட்காக் அவரை 14-வது ரவுண்டில் வீழ்த்தினார். 1950 ஜனவரியில் ஜோயி மாக்சிமிடம் பட்டத்தையும் பல்லையும் பறிகொடுத்துவிட்டுச் சண்டையை விட்டார். தலைவலி மட்டும் அவரை விடவில்லை.

இடைவெளி 25 ராத்தல் என்று சொல்வது எளிது. அது 11 கிலோவுக்கும் மேலே! ஒரு குடம் தண்ணீரின் கனம். அந்தக் குடத்தை உங்கள் எதிரியின் தோளுக்குப் பின்னால் கட்டி, அந்த வேகத்தோடு உங்கள் தாடையில் மோதவிடுவதாக எண்ணிப் பாருங்கள். ஒருமுறை அல்ல, ஒரு சண்டையில் நூறு முறை. சாமர்த்தியம் எவ்வளவு இருந்தாலும், கழுத்தும் மூளையும் சாமர்த்தியம் படித்தவை அல்ல.

சுவர் எழுந்தது

கடைசியாக, உலக குத்துச்சண்டைக் கவுன்சில் 1979-ல் நடுவே ஒரு வகையை உண்டாக்கியது. முதல் பட்டப் போட்டி அந்த ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி, அப்போதைய யூகோஸ்லாவியாவில் இருந்த ஸ்ப்ளிட் நகரில் நடந்தது. மார்வின் காமலும் மாத்தே பார்லோவும் மோதினார்கள். வெற்றி தோல்வி இல்லை. 1980 மார்ச் 31-ந் தேதி லாஸ் வேகாசில் மறுபடியும் மோதினார்கள். காமல் ஜெயித்து முதல் சாம்பியன் ஆனார்.

அப்போது உச்ச எடை 190 ராத்தல். பின்னாளில் 200 ஆக உயர்த்தினார்கள். பெயருக்கு எங்கே போவது? இங்கிலாந்தின் பழைய கப்பல் பெயர் கிடைத்தது. குரூசர்வெயிட் என்றே வைத்துவிட்டார்கள். 175 ராத்தலைக் குறித்த பெயர் ஏணியில் ஒரு படி ஏறிவிட்டது! அதனால்தான் பழைய புத்தகத்தைப் படிக்கிறவர்களுக்கும் புதிய பட்டியலைப் படிக்கிறவர்களுக்கும் இத்தனை குழப்பம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அது அமெச்சூர் குத்துச்சண்டையின் கைங்கரியம். உக்ரேன் வீரர் அலெக்சாண்டர் உசிக் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். எந்த வகையில்? ஹெவிவெயிட்! அங்கே ஹெவிவெயிட் என்றால் 91 கிலோ வரைதான். அதற்கு மேலே சூப்பர் ஹெவிவெயிட். அதே உசிக் தொழில்முறைக்கு வந்ததும் 90.7 கிலோ வகையில் இறங்கினார். பெயர் குரூசர்வெயிட் ஆகிவிட்டது. ஒரே உடம்பு, கிட்டத்தட்ட ஒரே எடை, ஒலிம்பிக்கில் ஹெவி, தொழிலில் குரூசர்! 1980-ல் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி நடத்திய முகம்மது அலியும், 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது லைட் ஹெவிவெயிட்டில்தான். அன்று அவர் பெயர் காசியஸ் கிளே.

வகைகள் கூடலாமா?

"எடை வகைகளைக் கூட்டிக்கொண்டே போனால் பட்டத்துக்கு என்ன மதிப்பு? அந்தக் காலத்தில் எட்டே சாம்பியன்கள். எட்டுப் பேரையும் பள்ளிப் பையன்கூடச் சொல்வான். இன்று பதினேழு பதினெட்டு வகை. ஒவ்வொரு வகைக்கும் நான்கு சங்கங்கள். யார் சாம்பியன் என்று சாம்பியனுக்கே தெரியாது!" என்று பழைய ரசிகர்கள் குறைப்படுகிறார்கள்.

இந்தக் குறையில் பாதி உண்மை இருக்கிறது. கீழ் வகைகளைப் பாருங்கள். 105, 108, 112, 115, 118 ராத்தல் என்று மூன்றுக்கும் நான்குக்கும் ஒரு படி கட்டியிருக்கிறார்கள். மூன்று ராத்தல் என்பது ஒன்றரை கிலோவைக்கூட எட்டாது. ஒருவேளைச் சாப்பாடும் இரண்டு சொம்புத் தண்ணீரும் உள்ளே போனால் தாண்டிவிடக்கூடிய வேலி அது. அங்கே புதுப் பட்டம் எதற்கு? டிக்கெட் விற்கத்தான் என்று யாராவது சொன்னால், நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் மேல் வகையில் நிலைமை வேறு. 175-லிருந்து எல்லையில்லாத வானம் வரை ஒரே வெட்டவெளியாக விட்டிருந்தார்கள். கீழே மூன்று ராத்தலுக்கு வேலி போட்ட உலகம், மேலே முப்பது ராத்தலுக்கு வேலி போட எழுபது ஆண்டு எடுத்துக்கொண்டது. ஆகவே வகைகள் கூடிவிட்டன என்று ஒட்டுமொத்தமாகக் கோபப்படுகிறவர்கள், குரூசர்வெயிட்டை அந்தக் கோபத்தில் சேர்க்கக் கூடாது. கூடிய வகைகளில் நியாயமான வகை அது.

"ராக்கி மார்சியானோ 188 ராத்தல் எடையில் ஆர்ச்சி மூரைத் தோற்கடிக்கவில்லையா? டெம்ப்சி 187 ராத்தலோடு 245 ராத்தல் வில்லார்டை 1919-ல் நொறுக்கவில்லையா? உசிக் தம்மைவிடப் பெரிய டைசன் பியூரியை இரண்டு முறை ஜெயிக்கவில்லையா?" என்று கேட்கலாம்.

ஜெயித்தார்கள். மறுக்கவில்லை. மார்சியானோவும் டெம்ப்சியும் இன்றைய கணக்கில் குரூசர்வெயிட்காரர்களே. உசிக் 2018-ல் குரூசர்வெயிட்டில் எல்லாப் பட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்து, 2024 மே மாதத்தில் ஹெவிவெயிட்டிலும் அப்படியே செய்த அபூர்வப் பிறவி. அந்தச் சண்டையில் பியூரியின் எடை 262 ராத்தல்; உசிக் 223½. அதே ஆண்டு டிசம்பரில் நடந்த இரண்டாவது சண்டையில் பியூரி 281, உசிக் 226.

ஆனால் ஒரு கேள்வி. ஆற்றில் வெள்ளம் போகும்போது ஒருவன் நீந்திக் கரை ஏறிவிட்டான் என்பதற்காக, ஊருக்குப் பாலம் வேண்டாம் என்று சொல்லலாமா? விதிகள் உசிக்குக்காகப் போடுவதல்ல. பேர் தெரியாத ஊரில், பேர் தெரியாத மேடையில், வாடகைக் காசுக்காகச் சண்டை போடுகிறானே, அவனுக்காகப் போடுவது. அவன் விழுந்தால் பத்திரிகையில் நாலு வரிகூட வராது.

சுவர் இருக்கிறது, சோறு வெளியே இருக்கிறது

குரூசர்வெயிட் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. இங்கேதான் என் வருத்தம்.

எவாண்டர் ஹோலிபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் லைட் ஹெவிவெயிட்டில் வெண்கலம். 1986-ல் டுவைட் காவியோடு 15 ரவுண்டு போராடிக் குரூசர்வெயிட் பட்டம். 1988-ல் எல்லாக் குரூசர்வெயிட் பட்டங்களையும் ஒன்றாக்கினார். அந்த வகையில் அவரைவிடப் பெரிய வீரர் அன்று இல்லை. அப்புறம் என்ன செய்தார்? உடம்பைப் பெருக்கிக்கொண்டு மேலே போனார். 1990 அக்டோபர் 25-ந் தேதி 208 ராத்தல் எடையோடு 246 ராத்தல் பஸ்டர் டக்ளசை வீழ்த்தி உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். உசிக்கும் போனார். காரணம் ஒன்றுதான். பெரும் பணமும் பெரும் பெயரும் ஹெவிவெயிட்டில் இருக்கின்றன.

குரூசர்வெயிட் சாம்பியனின் பெயரை நம் ஊரில் எத்தனை பேர் சொல்வார்கள்? அமெரிக்காவிலேயே எத்தனை பேர் சொல்வார்கள்? வீரனைக் காப்பாற்ற ஒரு சுவர் கட்டினார்கள். சோற்றுப் பானையைச் சுவருக்கு வெளியே வைத்துவிட்டார்கள். பசித்தவன் சுவர் ஏறிக் குதிக்காமல் என்ன செய்வான்?

இதைச் சரி செய்யாமல், 2020-ல் உலக குத்துச்சண்டைக் கவுன்சில் இன்னொரு வகையை உண்டாக்கியது. 200-லிருந்து 224 ராத்தல் வரை, பெயர் பிரிட்ஜர்வெயிட். தன் தங்கையை நாயிடமிருந்து காப்பாற்றிய ஓர் அமெரிக்கச் சிறுவனின் பெயர் அது. பெயர் உள்ளத்தைத் தொடுகிறது. நோக்கத்திலும் தவறில்லை. ஆனால் எல்லாச் சங்கங்களும் அதை ஏற்கவில்லை. போதுமான வீரர்களும் பணமும் இல்லாத வகை, இன்னொரு இடுப்புப் பட்டைக்குத்தான் உதவும். 223½ ராத்தலில் உசிக் உலகத்துக்கே ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அதே எடைக்காரரை இன்னொரு புத்தகத்தில் பிரிட்ஜர்வெயிட் என்று எழுதிக்கொள்ளலாம். முதலில் கட்டிய வீட்டில் விளக்கேற்றாமல் அடுத்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவது என்ன நியாயம்?

தராசு பேச வேண்டும்

பெயரையும் வரம்பையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. அது தராசு.

2024 ஒலிம்பிக் மல்யுத்தத்தில் வினேஷ் போகத் 100 கிராம் கூடுதல் எடையால் இறுதிப் போட்டியையே இழந்ததை நாம் மறக்கவில்லை. அங்கே போட்டி நடக்கும் நாள் காலையில் எடை பார்க்கிறார்கள். தொழில்முறைக் குத்துச்சண்டையிலோ பெரும்பாலும் முதல் நாளே பார்த்துவிடுகிறார்கள். வீரன் தண்ணீர் குடிக்காமல், வேர்க்க வைத்து, வாடி வதங்கித் தராசில் ஏறுகிறான். இறங்கியதும் குடிக்கிறான், சாப்பிடுகிறான். மறுநாள் மேடை ஏறும்போது அவன் வேறு ஆள்!

2000 பிப்ரவரி 26-ந் தேதி நியூயார்க்கில் ஆர்த்துரோ கட்டியும் ஜோயி கமாஷும் மோதினார்கள். ஒப்பந்த எடை 141 ராத்தல். சண்டை நாளில் டெலிவிஷன்காரர்களின் தராசு கட்டியை 160 என்று காட்டியது. கமாஷை 145 என்று காட்டியது. இரண்டாவது ரவுண்டில் கமாஷ் விழுந்தார். மூளையில் காயம். அதன் பிறகு அவர் சண்டைக்கு வரவே இல்லை. எடை பார்த்ததில் அரசாங்கக் கமிஷன் கவனக்குறைவாக இருந்தது என்று 2010-ல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் அவருக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை.

காகிதத்தில் ஒரே வகை. மேடையில் 15 ராத்தல் வித்தியாசம். வகை இருந்து என்ன பயன்? வேலி இருந்தது; காவல்காரன் தூங்கிவிட்டான்.

சர்வதேச குத்துச்சண்டை பெடரேஷன் மட்டும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பட்டப் போட்டி என்றால் இரண்டாம் நாள் காலையிலும் எடை பார்க்கிறார்கள். வரம்புக்கு மேல் பத்து ராத்தலுக்குள் இருக்க வேண்டும். நல்ல விதி. ஒரு சங்கத்துக்கு முடிவது மற்ற மூன்றுக்கும் ஏன் முடியாது?

செய்ய வேண்டியவை

என் கருத்தை மூன்று வரியில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: ஓர் எடைக்கு ஒரு பெயர். ஒலிம்பிக்கில் ஒன்று, தொழிலில் ஒன்று என்று இருக்கக் கூடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 80 கிலோ, 92 கிலோ என்று எடையாலேயே வகைகளை அழைத்தார்கள். கிலோ பொய் சொல்லாது. கப்பல் ஏறிப் பெயரும் மாறாது.

இரண்டு: எல்லாச் சங்கங்களிலும், எல்லா எடைகளிலும், சண்டை நாளன்றும் தராசு வைக்க வேண்டும். பெரிய பட்டப் போட்டிகளுக்கு மட்டும் அல்ல, சின்ன மேடைகளுக்கும்.

மூன்று: பத்திரிகைகள் பெயரோடு எடையையும் சேர்த்துப் போட வேண்டும். "குரூசர்வெயிட் சாம்பியன்" என்று மட்டும் எழுதினால் வாசகனுக்கு ஒன்றும் விளங்காது. "90.7 கிலோ வரையிலான குரூசர்வெயிட்" என்று எழுதினால், எதிரே நிற்பவன் 120 கிலோ என்று படிக்கும்போது அவனுக்கே பகீர் என்று இருக்கும். பார்க்கிறவர்களுக்குப் பகீர் என்றால்தான் நடத்துகிறவர்களுக்குப் பயம் வரும்.

லைட் ஹெவிவெயிட்டுக்கும் குரூசர்வெயிட்டுக்கும் வித்தியாசம் 25 ராத்தல். இதைத் தெரிந்துகொள்வது பொது அறிவுப் போட்டிக்கு உதவும். ஆனால் அந்த 25 ராத்தல் ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை இரண்டு பேர் மேடையில் நிற்பதைப் பார்க்கும்போது, "யார் ஜெயிப்பான்?" என்று கேட்பதற்கு முன்னால், "எடை சரியாகப் பார்த்தார்களா?" என்று கேட்கத் தோன்றும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.